கருவேல மரத்தின் அறிவியல் பெயர் ஏன் மாறியது?

கேள்வி – பள்ளி ஆசிரியை

எங்கள் பள்ளி வளாகத்து மரங்களுக்கு மாணவர்களைக் கொண்டு பெயர்ப்பலகை எழுதி வருகிறோம். கருவேல மரத்துக்கு, நான் கல்லூரியில் படித்தபடி, ‘அகேசியா நிலோட்டிகா’ என்று எழுதச் சொன்னேன். மாணவி ஒருத்தி தேடிப் பார்த்துவிட்டு, ‘வாச்செல்லியா நிலோட்டிகா’ என்பதே இப்போதைய பெயர் என்றாள். ஊருக்கு ஊர் பெயர் மாறுவதால் வரும் குழப்பத்தைத் தீர்க்கத்தான் அறிவியல் பெயர் என்று வகுப்பில் சொல்லிவிட்டு, அந்தப் பெயரே மாறிவிட்டதை எப்படி விளக்குவது? பலகையில் எதை எழுதுவது?

பதில் – தாவரவியல் ஆய்வு மாணவர்

அம்மா, மாணவி சொன்னது சரி. பெயரின் முதற்சொல்லான பேரினப் பெயர் வெறும் அடையாளமன்று. இந்த மரம் எந்தெந்த மரங்களுக்கு உறவு என்ற கருத்தும் அதில் அடங்கியிருப்பதால், உறவு பற்றிய அறிவு திருந்தும்போது அந்தச் சொல்லும் மாற நேர்கிறது. இரு சொற்களில் அறிவியல் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1753-இல் கருவேலத்தைத் தொட்டாற்சிணுங்கியோடு சேர்த்து ‘மைமோசா நிலோட்டிகா’ என்றே எழுதினார். ‘அகேசியா’வுக்குள் அது பிறகுதான் வந்தது. நைல் ஆற்றைச் சுட்டும் ‘நிலோட்டிகா’ என்ற இரண்டாம் சொல்லான சிற்றினப் பெயர் மட்டும் அன்றுமுதல் மாறவில்லை.

பழைய அகேசியாவில் இருந்தவை அனைத்தும் ஒரே மூதாதையின் வழிவந்தவை அல்ல என்பதை டி.என்.ஏ. ஆய்வுகள் காட்டின. ஒரு வேறுபாட்டை மாணவர்களே கண்ணால் பார்க்கலாம். கருவேலக் கிளையில் ஒவ்வோர் இலையின் அடியிலும் வெள்ளை முட்கள் இரண்டிரண்டாக நீட்டிக்கொண்டிருக்கும். அவை இலையடிச் செதில்கள் முள்ளாக மாறியவை. சீகைக்காய்க் கொடியிலோ வளைந்த சிறு முட்கள் தண்டு நெடுகச் சிதறிக் கிடக்கும். முன்பு இரண்டும் அகேசியா. இன்று சீகைக்காய் ‘செனிகாலியா’வில் இருக்கிறது.

பதில் – ஓய்வுபெற்ற வனத்துறை அலுவலர்

தம்பி சொன்னது பாதிக் கதைதான். பேரினத்தைப் பிரிக்கும்போது பழைய பெயர் எந்தப் பிரிவுக்குச் சேரும் என்பதை, அந்தப் பெயருக்கு அடையாளமாக வைத்திருக்கும் வகைமாதிரிச் சிற்றினமே தீர்மானிக்கும். அகேசியாவுக்கு அந்த வகைமாதிரியாக இருந்ததே நம் கருவேலம்தான். விதிப்படி பெயர் இங்கேயே தங்கியிருக்க வேண்டும். ஆனால் அவ்வாறு செய்தால் அகேசியா என்றே வழங்கிய ஆஸ்திரேலியாவின் ஏறத்தாழ ஆயிரம் சிற்றினங்களுக்குப் புதுப்பெயர் சூட்ட நேரும் என்பதால், வகைமாதிரியையே ஓர் ஆஸ்திரேலியச் சிற்றினத்துக்கு மாற்றும் பரிந்துரை 2005-ஆம் ஆண்டு வியன்னாவில் நடந்த பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டுக்கு வந்தது. வாக்களித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் எதிர்த்தும், பரிந்துரையைத் தள்ளுவதற்கு வேண்டிய 60 விழுக்காடு கிடைக்காததால் அது நிலைத்தது. 2011-இல் மெல்போர்னில் நடந்த அடுத்த மாநாட்டிலும் உறுதியானது. கூர்முனையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்ததாகக் கூறப்படும் பெயர் பெரும்பாலும் முள்ளற்ற மரங்களுக்குப் போய், முள்மரம் அதை இழந்தது எனக்கு இன்றும் வருத்தமே. ஆயினும் விதிமுறைப்படி எடுத்த முடிவு. ஏற்றுத்தான் ஆக வேண்டும்.

‘வாச்செல்லியா’வும் நமக்கு அந்நியமானதன்று. சென்னை மாகாணத்தில் மருத்துவராகவும் தாவரவியலாளராகவும் பணியாற்றிய ராபர்ட் வைட், ஆர்னட் என்ற தாவரவியலாளருடன் சேர்ந்து 1834-இல், தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய நூலில் வெளியிட்ட பெயர் அது.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ‘கருவேலம்’ என்று பெரிதாகவும், அதன் கீழே ‘வாச்செல்லியா நிலோட்டிகா’ என்றும், கடைசி வரியில் ‘முன்பு அகேசியா நிலோட்டிகா’ என்றும் எழுதப் போகிறோம். சீகைக்காய்க் கொடி ஒன்று கிடைத்தால் நாளைக்கே இரண்டு கிளைகளையும் வகுப்பு மேசையில் வைத்து முட்களைப் பார்க்கச் சொல்வேன்.