தோட்டக்காரர் நிலத்தை நல்லாப் பாத்துக்கொள்ளுறாரா எண்டு எப்பிடி மதிப்பிடுறது?

கொட்டாஞ்சேனைவாசி:
எல்லாருக்கும் வணக்கம். நான் கொழும்பில மரக்கறி வாங்கி விக்கிற ஒரு கம்பனியில வேலை செய்யுறன், வெலிமட, நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் இருந்து கரட், லீக்ஸ், கோவா எல்லாம் எடுக்கிறம். மண்ணையும் தண்ணியையும் பாதுகாத்துச் செய்யுற தோட்டங்களுக்கு கிலோவுக்கு கொஞ்சம் கூட்டிக் குடுப்பம் எண்டு மேலிடத்தில முடிவெடுத்திருக்கினம். எனக்கு உண்மையாவே பெரிய சந்தோசம், ஆனா ஆருக்குக் குடுக்கிறது எண்டு பாத்துச் சொல்லுற பொறுப்பும் எனக்குத்தான். தந்திருக்கிற போமில எல்லாம் ஆம், இல்லை கேள்விதான், சரிவில மண்ணை மறிக்கக் கட்டுற கல்லணை இருக்கா, கொம்போஸ்ட் குழி இருக்கா, மருந்து அடிச்சா எழுதி வைக்க கொப்பி இருக்கா எண்டு. கொப்பி அச்சொட்டா வைச்சிருக்கிறவரிட தோட்டத்தில மழைக்கு மண் ஓடுது, கொப்பியே இல்லாத ஒரு அம்மாட பாத்தியில மண்ணை அள்ளினா பிட்டு மாதிரி உதிருது. போமில அவவுக்குத்தான் புள்ளி குறைவு. இதை எப்பிடி நியாயமா அளக்கிறது? லாப் டெஸ்டுக்கு பட்ஜெட் பெரிசா இல்லை.

மலைநாட்டான்:
தம்பி, மழை காலத்துல போங்க. வெயில்ல போனா எல்லாத் தோட்டமும் அழகாத்தான் இருக்கும். போனா மேல ரோட்டுல நின்னு பாக்காம கீழ எறங்கி, கான், அதாவது மழத்தண்ணி ஓடுற வாய்க்கா, தோட்டத்த விட்டு வெளிய போற எடத்துல நில்லுங்க. அந்தத் தண்ணிய ஒரு கண்ணாடிப் போத்தல்ல புடிச்சு வைங்க, மண்ணு அடியில எறங்கினதும் எத்தன வெரக்கட மண்ணுன்னு கண்ணுலயே தெரியும். பக்கத்துத் தோட்டத்து கான்லயும் அதே நேரம் புடிங்க, அப்பதான் மழைய கொற சொல்ல முடியாது. பொறவு கானுக்குள்ள பாருங்க, எடைக்கிட குழி வெட்டி மண்ண மறிச்சிருக்காரா, மறிச்ச மண்ண திரும்ப பாத்திக்கு ஏத்துறாரா, கல்லணையில பேந்த கல்ல அடுக்கியிருக்காரா. கல்லணை இருக்குன்னு டிக் போடுறது லேசு, ஆனா போன மழைக்கு ஒடஞ்சத இந்த மழைக்கு முந்தி கட்டுனவருதான் நெலத்த பாக்குறவரு. பாத்தி சரிவுக்கு குறுக்கால ஓடுதா, மேலருந்து கீழ நெடுக்கா ஓடுதான்னும் பாருங்க. தண்ணி தேங்கி கெழங்கு அழுகிரும்னு நெடுக்கா போடுவாங்க, அவங்க பயத்துலயும் நியாயம் இருக்கு, ஆனா மண்ணு நிக்காது. வெலிமடையில எறங்குற மண்ணு உமா ஓயா வழியா ரந்தம்பை நீர்த்தேக்கத்துலதான் போயி சேருது. மண் பாதுகாப்புச் சட்டம் 1951லயே வந்துருச்சு, 1996ல திருத்தவும் செஞ்சாங்க, அப்படியிருந்தும் இதுதான் நெலம. தேயிலையில பழைய செடிய புடுங்கிட்டு புதுசு நடுறதுக்கு முந்தி மானாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ ஒன்றரை, ரெண்டு வருசம் வளத்து மண்ணத் தேத்துவாங்க. மரக்கறித் தோட்டத்துல அந்தளவுக்கு யாராலயும் காத்திருக்க ஏலாது, ஆனா ஒரு போகத்துக்கும் அடுத்த போகத்துக்கும் நடுவுல மண்ணு வெறுமனே கெடக்குதா, மூடிக் கெடக்குதான்னு கட்டாயம் கேளுங்க.

வலிகாமத்தான்:
அண்ணை சொன்னது சரிவான நிலத்துக்கு நூற்றுக்கு நூறு சரி. ஆனா கண்ணுக்குத் தெரியாமப் போறதும் இருக்கு. எங்கட யாழ்ப்பாணத்தில அடி முழுக்க சுண்ணாம்புக்கல்லு, யூரியாவைக் கூடப் போட்டா நைத்திரேற்று நேர கிணத்துக்குத்தான் போகும், குடிதண்ணியில லீற்றருக்கு 50 மில்லிகிராம் தான் எல்லை. கல்பிட்டி மணலிலயும் இதே பிரச்சினை. மலைநாட்டு மரக்கறி மண்ணில பொசுபரசு தேங்கிக் கிடக்கிறது தெரிஞ்ச விசயம், ஏனெண்டா போகத்துக்குப் போகம் பசளையும் கோழி எருவும் அள்ளிக் கொட்டினம். அதால இருக்கிற காசில மண் டெஸ்டைச் செய்யுங்கோ, அந்த றிப்போட்டைப் பாத்துப் பசளையைக் குறைச்சவருக்கு நல்ல புள்ளி குடுங்கோ.

காசில்லாம செய்ய ரெண்டு இருக்கு. காஞ்ச மண் கட்டி ஒண்டை தண்ணிக்குள்ள மெதுவா விடுங்கோ, உடனே கரைஞ்சு சேறானா மண்ணைச் சேத்துப் பிடிக்கிற உக்கின இலை, எரு அந்த மண்ணில குறைவு எண்டு நினைக்கலாம், கட்டி அப்பிடியே நிண்டா நல்ல மண். மற்றது 6 அங்குல அகலமான இரும்பு வளையத்தை மண்ணில இறுக்கி 444 மில்லிலீற்றர் தண்ணி ஊத்துங்கோ, அது கிட்டத்தட்ட ஒரு அங்குல மழைக்குச் சமன், எவ்வளவு நேரத்தில உறிஞ்சுது எண்டு மணிக்கூட்டைப் பாத்து எழுதுங்கோ. ஒரே தோட்டத்தில மூண்டு நாலு இடத்தில செய்யுங்கோ.

இன்னொண்டு, முதல் வருசம் ஒருத்தருக்கும் புள்ளி போடாதேங்கோ, அளந்து மட்டும் வையுங்கோ. ஒருத்தருக்கு தேப்பன் நல்ல மண்ணாக் குடுத்திட்டுப் போயிருப்பார், இன்னொருத்தர் ஆரோ பாழாக்கின காணியை வாங்கித் தேத்திக்கொண்டிருப்பார். ஒரு நாள் போய்ப் பாத்தா முதலாமவர்தான் வெல்லுவார்.

ஊவாப் பிள்ளை:
அண்ணா, நான் இப்ப கொழும்புல இருந்தாலும் எங்க அப்பா இன்னும் வெலிமட பக்கம் லீசுக்கு காணி எடுத்துத்தான் உருளைக்கிழங்கு போடுறாரு. லீஸ் வருசா வருசம்தான், அடுத்த வருசம் அந்தக் காணி நமக்குக் கெடைக்குமான்னே தெரியாது, அப்ப கடன வாங்கி கல்லணை கட்ட யாருக்கு மனசு வரும்? உங்க போம்ல காணி யாருடையது, எத்தன வருசத்துக்குன்னு ஒரு கேள்வி கட்டாயம் இருக்கணும். சொந்தக் காணிக்காரரையும் லீஸ்காரரையும் ஒரே அளவுல அளக்காதீங்க. சேதனம்னு போர்டு போட்டிருக்குறத வச்சு மட்டும் யாரையும் தூக்கிப் புடிக்காதீங்க, அது அதவிட முக்கியம். 2021ல திடீர்னு இரசாயனப் பசளைய நிப்பாட்டி நவம்பர்ல திரும்ப விட்டாங்க, அந்தப் போகத்துல விளைச்சல் இல்லாம எங்க ஊர்ல எத்தன பேரு கடனாளி ஆனாங்க. தோட்டம் நட்டத்துல ஓடுனா அடுத்த வருசம் கானையும் வெட்ட மாட்டாங்க, அணையையும் கட்ட மாட்டாங்க. அதனால கையில என்ன மிஞ்சுதுன்னும் கேளுங்க. உங்க கம்பனியால முடிஞ்சா அந்தக் கூட்டின விலைய மூணு வருசத்துக்கு எழுத்துல குடுங்க, அத காட்டி எங்க அப்பா மாதிரி ஆளுங்க காணிக்காரர்ட்ட நீண்ட லீஸ் கேக்கலாம்.

கொட்டாஞ்சேனைவாசி:
எல்லாருக்கும் பெரிய நன்றி. லீஸ் கேள்வியை இண்டைக்கே போமில சேத்திட்டன், மூண்டு வருச விசயத்தை மேலிடத்தில விடாமக் கேப்பன். ஒக்டோபர் மழைக்கு போத்தலோட போறன். மலைநாட்டான் அண்ணே, மண் முழுக்க அடியில இறங்க எவ்வளவு நேரம் வைக்கோணும்?

மலைநாட்டான்:
ராத்திரி பூரா ஆட்டாம வைங்க தம்பி. மணல் ஒடனே எறங்கிரும், களிதான் லேட்டாகும். போத்தல்ல தேதியும் எந்தக் கான்னும் எழுதி ஒட்டிருங்க.