ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே ஒரே நாள்ல போய்ட்டு வர முடியுமா?

மலைப்பாதை_மணி:
மே கடைசி வாரம் கனடாவுல கால்கரில இறங்கி வாடகை கார் எடுக்குறோம், நானு, வைஃப், 7 வயசு பையன். லேக் லூயிஸ்ல ரெண்டு நைட் ரூம் போட்டாச்சு. அங்கேர்ந்து ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வேங்கற மலை ரோட்டுல ஜாஸ்பர் ஊர் 232 கிமீதான், காலைல கிளம்பி ஜாஸ்பர்ல சாப்ட்டு நைட்டுக்குள்ள திரும்பிரலாம்னு கணக்கு. வழில இருக்குற பேட்டோ லேக்ல அந்த நீலக் கலர்ல ஃபோட்டோ வேணும்னு வைஃப் கண்டிஷன், பையனுக்கு கிளேசியர் (பனியாறு) மேல நடக்கணுமாம். ஆகுமா?

சும்மா_சுத்துறவன்:
போய்ட்டு வரலாம் ப்ரோ, பாத்துட்டு வர முடியாது. நிக்காம ஓட்டினாலே ஒரு பக்கம் கிட்டத்தட்ட மூணு மணி நேரம், ஸ்பீடு லிமிட் பெரும்பாலும் 90தான். நீங்க நிக்காம போகவும் மாட்டீங்க. ஒவ்வொரு வளைவுலயும் பையன் "அப்பா நிறுத்து"ம்பான், கரடி ஏதாவது தெரிஞ்சா முன்னாடி பத்து கார் அப்படியே நிக்கும் (அப்ப கார விட்டு இறங்காதீங்க, 100 மீட்டர் தள்ளி இருக்கணும்ங்கறது ரூல்). ஒரு நைட்ட ஜாஸ்பருக்கு மாத்துங்க. ஆனா 2024 ஜூலை காட்டுத்தீல அந்த ஊர்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு கட்டிடம் போயிருச்சு, அதனால ரூம இப்பவே பாருங்க. டேங்க ஃபுல் பண்ணிட்டுதான் கிளம்பணும். நடுவுல சஸ்காட்சவன் ரிவர் கிராஸிங்ல மட்டும்தான் பங்க், சிக்னலும் பெரும்பாலும் கிடையாது. நாங்க அரை டேங்க் போதும்னு கிளம்பி, ஏசிய ஆஃப் பண்ணிட்டு ஊசியவே பாத்துட்டு ஓட்டினோம், அன்னிக்கு எந்த மலையையும் நான் பாக்கல.

நீலத்தண்ணி:
கலர் விஷயத்துல வைஃப்கிட்ட இப்பவே உண்மைய சொல்லிருங்க அண்ணா :) பேட்டோ லேக்க மேலேர்ந்து பாக்குற இடம் 2000 மீட்டருக்கு மேல, மே கடைசில ஏரி பெரும்பாலும் ஐஸா வெள்ளையாதான் கிடக்கும், வியூபாயிண்ட் பாதைலயும் பனி இருக்கும். அந்த நீலம் வானத்தோட நிழல்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது இல்ல. கிளேசியர் நகரும்போது அடியில இருக்குற பாறைய மாவு மாதிரி அரைச்சுரும், வெயில் ஏறி பனி உருகும்போது அந்த மாவு தண்ணியோட வந்து ஏரில மிதக்கும், அதுல வெளிச்சம் பட்டாதான் அந்தக் கலர். ஜூலை ஆகஸ்ட்ல போனாதான் அது. உங்க சீசன்ல அதாபாஸ்கா ஃபால்ஸ்ல அதிக நேரம் நில்லுங்க. உயரம் 23 மீட்டர்தான், ஆனா அத்தனை ஆத்துத் தண்ணியும் ஒரு சந்துக்குள்ள நுழையுற சத்தத்துல பக்கத்துல நிக்கிறவங்க பேசுறது கேக்காது.

ஒத்தையடி:
கிளேசியர் பத்தி நான் சொல்றேன், ஏன்னா இதுல விளையாடக்கூடாது. அதாபாஸ்கா கிளேசியர் ரோட்டுலேர்ந்தே தெரியும், பார்க்கிங்லேர்ந்து ஏறுற பாதைல ஐஸ் எந்த வருஷம் எது வரைக்கும் இருந்துச்சுன்னு போர்டு நட்டிருக்காங்க. 1992 போர்டு நான் பொறந்த வருஷம், அதுகிட்ட நின்னு ஐஸ தேடினா சரளைக்கல்லுக்கு அப்பால எங்கயோ இருக்கு. நூத்துச் சொச்சம் வருஷத்துல ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல பின்வாங்கிருச்சாம். பாதை முடிவுல கயிறு கட்டியிருப்பாங்க, அத தாண்டி நாலு பேர் செல்ஃபி எடுப்பாங்க, நீங்க போகாதீங்க. மேல பனி மூடி உள்ள வெடிப்பு இருக்கும், அதுல விழுந்து ஆளுங்க செத்திருக்காங்க. பையன் ஐஸ்ல நடக்கணும்னா பெரிய சக்கரம் வச்ச பஸ்ல கூட்டிட்டுப் போற டூர் இருக்கு, இல்ல கைடு கூட்டிட்டுப் போவாரு, அதுக்கு வயசு லிமிட் கேட்டுக்கோங்க. வெயில் அடிச்சாலும் குல்லா க்ளவுஸ் எடுத்துக்கோங்க, ஐஸ் மேலேர்ந்து இறங்குற காத்து கார் கதவையே பிடுங்கும்.

மலைப்பாதை_மணி:
எல்லாருக்கும் நன்றி. லூயிஸ்ல ஒரு நைட்ட கேன்சல் பண்ணி ஜாஸ்பர்ல போட்டாச்சு, பையனுக்கு பஸ்ஸு ஓகே. ஏரி வெள்ளையா இருக்கும்னு வைஃப்கிட்ட இன்னும் சொல்லல.