அவசரம்: நோட்டோ சான்ஸ் தமிழில் கொம்பு இடம் மாறி நிற்கிறது

கொழிஞ்சாம்பாறைக்காரன்: தமிழ், மலையாளம் இரண்டிலும் திருவிழா பிளெக்ஸ், இரவுக்குள் அச்சுக்குப் போக வேண்டும். தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு போட்டேன். 'தேர்' என்று அடித்தால் தகரம் முந்திக்கொள்கிறது, கொம்பு பின்னால் நிற்கிறது. எழுத்துரு பழுதா? வேறு நல்லது சொல்லுங்கள்.

மணிமுத்தாறு: எந்த மென்பொருள்? எந்தப் பதிப்பு?

பழைய கம்பாசிட்டர்: எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக்குறி முறையாம் யூனிகோடு; அது என்றாலே தலைவலிதான். யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவைப் போடுங்கள், தீர்ந்தது.

சித்தூர் வரைகலை: பாமினி இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள் ஐயா, ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும்.

எழுத்தாணி: மாதம் தவறாமல் வரும் கேள்வி. தேடல் பெட்டியை அழகுக்கு வைக்கவில்லை, தம்பி. யூனிகோடில் கொம்பு, மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படும். முன்னால் நிறுத்துவது மென்பொருளின் பொறுப்பு. நோட்டோ மேல் பழி போடாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்: போட்டோஷாப். ஆனால் மலையாள வரி சரியாக வருகிறதே?

மணிமுத்தாறு: மலையாளத்துக்கு எந்த எழுத்துரு?

கொழிஞ்சாம்பாறைக்காரன்: எம்எல்-டிடி கார்த்திகா.

மணிமுத்தாறு: அதுதான் விஷயம். அது யூனிகோடு அல்ல; வடிவங்களை அடித்த வரிசையிலேயே காட்டும், எதையும் மாற்றி அடுக்க வேண்டியதில்லை. பாராகிராஃப் பேனலின் மெனுவில் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். பழைய பதிப்பாக இருந்து மெனுவில் காணவில்லை என்றால், பிரெஃபரன்ஸில் டைப் பகுதியில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை இட்டுப் புதிய கோப்பு திறக்கவும்.

சித்தூர் வரைகலை: அப்படியே மலையாளத்தையும் மஞ்சரி என்ற யூனிகோடு எழுத்துருவுக்கு மாற்றிவிடுங்கள், அழகாக இருக்கும்.

எழுத்தாணி: மஞ்சரியின் கோட்டு முனைகள் உருண்டவை, நோட்டோவுக்கு வெட்டிய முனை. அடுத்தடுத்த வரியில் வைத்தால் இரண்டு கடைப் பலகைகளை ஒட்டியது போல இருக்கும். நோட்டோ சான்ஸ் மலையாளம் எதற்கு இருக்கிறது?

சித்தூர் வரைகலை: பத்தடி உயரத்தில் தொங்கும் பிளெக்ஸில் முனையை யார் பார்க்கிறார்கள்? மஞ்சரியைத் தந்த ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுதான் தமிழுக்கு மீரா இனிமை எழுத்துருவையும் தந்தது. இரண்டையும் சேர்த்துப் போடலாமே.

எழுத்தாணி: ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதால் ஒரே முகமா? தடிமனை ஒப்பிட்டுவிட்டு வாருங்கள்.

பழைய கம்பாசிட்டர்: ஈய அச்சுக் காலத்தில் 'ணை'க்குத் துதிக்கை இருந்தது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்தோடு அழகும் போயிற்று.

மணிமுத்தாறு: ஐயா, இங்கே பேசுவது பிளெக்ஸ் பற்றி.

கொழிஞ்சாம்பாறைக்காரன்: வந்துவிட்டது. அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். நன்றி.

சித்தூர் வரைகலை: மலையாளத்துக்கு எதைப் போட்டீர்கள்?

எழுத்தாணி: கார்த்திகாவையே விட்டிருப்பார்.