இம், இல், இர், அன்: எந்தச் சொல்லுக்கு எது? உதவுங்கள்

கேள்வி:
ஆங்கிலத் தேர்வில் எதிர்ச்சொல் பகுதி மட்டும் பிடிபடவில்லை. பாசிபிளுக்கு இம்பாசிபிள், லீகலுக்கு இல்லீகல், ரெகுலருக்கு இர்ரெகுலர். சரி. அந்தக் கணக்கில் பாப்புலர் 'இம்பாப்புலர்' ஆக வேண்டும். அகராதியில் அன்பாப்புலர் என்றிருக்கிறது. லாஃபுல், ரிலையபிள் இரண்டுக்கும் அன்தான். விதி ஏதாவது உண்டா, எல்லாமே மனப்பாடமா?

பதில் 1:
பாதி விதி, மீதி மனப்பாடம். இம், இல், இர் எல்லாமே லத்தீனிலிருந்து வந்த 'இன்'தான். அடுத்து ப, ம ஒலி வந்தால் இம், ல வந்தால் இல், ர வந்தால் இர். பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவதுபோல இதுவும் புணர்ச்சிதான். 'அன்' பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. எந்த ஒலிக்கு முன்னும் உருமாறாது. பாப்புலர் லத்தீன் வழி வந்த சொல்தான், இருந்தும் அன்னோடு ஒட்டிக்கொண்டது. அங்கே வாதாடிப் பயனில்லை. எட், இங் என்று முடியும் சொற்களுக்குப் பெரும்பாலும் அன் போடலாம்: அன்எக்ஸ்பெக்டட், அன்இன்டரெஸ்டிங்.

பதில் 2:
இன்னொரு குழியும் இருக்கிறது. சில சொற்கள் பெயர்ச்சொல்லாக மாறும்போது முன்னொட்டே மாறிவிடும். அன்ஈக்வல், ஆனால் இன்ஈக்வாலிட்டி. அன்ஜஸ்ட், ஆனால் இன்ஜஸ்டிஸ். அன்ஸ்டேபிள், ஆனால் இன்ஸ்டெபிலிட்டி. தேர்வில் இதைக் கேட்க அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

கேட்டவர்:
நன்றி. அப்புறம், டிஸ்இன்டரெஸ்டட், அன்இன்டரெஸ்டட் இரண்டுமே அகராதியில் இருக்கிறதே?

பதில் 1:
இருக்கும், பொருள்தான் வேறு. அன்இன்டரெஸ்டட் என்றால் ஆர்வமில்லாதவர். டிஸ்இன்டரெஸ்டட் என்றால் தனக்கென ஆதாயம் எதுவும் இல்லாத நடுநிலையாளர். நீதிபதி இரண்டாவது வகையாக இருக்க வேண்டும். முதல் வகையாக இருந்தால் வழக்கு போச்சு. பேச்சில் பலரும் கலக்கிறார்கள், நீங்கள் தேர்வில் கலக்காதீர்கள். இம்மாரல், ஏமாரல் ஜோடியும் இப்படித்தான். முன்னது ஒழுக்கக்கேடு. பின்னது ஒழுக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லாதது. புயல் ஏமாரல், இம்மாரல் அல்ல. டிஸ்ஆனஸ்ட், டிஸ்லாயல், டிஸ்ஒபீடியன்ட் எல்லாம் நேரடி எதிர்ச்சொற்கள், மனப்பாடம் செய்துவிடுங்கள்.

பதில் 3:
முன்னால் இன் இருந்தாலே எதிர்ச்சொல் என்று முடிவு கட்டாதீர்கள். இன்வேல்யுவபிள் என்றால் மதிப்பே போட முடியாத அளவுக்கு அருமையானது. மதிப்பில்லாததற்கு வொர்த்லெஸ். இன்ஃப்ளேமபிள் இதைவிட மோசம். அதில் உள்ள இன் மறுப்பு அல்ல, 'உள்ளே' என்ற பொருளில் வரும் வேறொரு லத்தீன் இன். அதனால் ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் இரண்டுமே எளிதில் தீப்பிடிப்பவைதான். யாராவது தப்பாகப் படித்துத் தீக்குச்சியைக் கிழித்துவிடக் கூடாதே என்றுதான் இப்போது எச்சரிக்கைகளில் ஃப்ளேமபிள் என்றே போடுகிறார்கள். தீப்பிடிக்காததற்கு நான்ஃப்ளேமபிள்.

கேட்டவர்:
அப்படியானால் ஃபேமஸுக்கு இன்ஃபேமஸ் எழுதலாமா?

பதில் 3:
கூடாது. இன்ஃபேமஸ் என்றால் கெட்ட பெயரால் ஊரறிந்தவர். பெயர் தெரியாதவருக்கு அன்நோன் என்று எழுதுங்கள்.