பெங்களூரில் ஒரே நாளில் இரண்டு அருங்காட்சியகம்: எதை முதலில் பார்ப்பது?

வணக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 34 பேரை அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை பெங்களூருக்கு அழைத்துப் போகிறோம். பாட்டும் எலக்ட்ரானிக்ஸும் என்றால் இவர்களுக்கு உயிர். ஒரு பையன் பழைய ரேடியோ ஸ்பீக்கரைத் தேங்காய்ச் சிரட்டையில் பொருத்திப் பாட வைத்திருக்கிறான்.

ஜே.பி. நகர் இசை அருங்காட்சியகத்தில் பிள்ளைகளே தட்டி வாசிக்கும் ஒலித்தோட்டம் இருக்கிறது. அதை விட மனசில்லை. கஸ்தூர்பா சாலையில் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகமும் பார்க்க வேண்டும். இடையே பத்து கி.மீ.க்கு மேல்.

டிராவல்ஸில் கேட்டால் ஒன்றை விட்டுவிடச் சொல்கிறார்கள். மேப்பில் பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஒரு நேரம் காட்டுகிறது. மெட்ரோவில் இத்தனை பேரோடு மாறி ஏறப் பயம். காலை 6 மணிக்குப் பஸ்ஸில் கிளம்பி ஓசூர் வழியாக வருகிறோம், சாப்பாடு கட்டிக்கொண்டு. இரவு 9 மணிக்குள் ஊர் திரும்ப வேண்டும்.

அங்கே டிராபிக் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: காலையில் எங்கே போனால் இரண்டையும் நிதானமாகப் பார்க்கலாம்?