ஏசி அவுட்டோர் நின்று நின்று ஓடுகிறது: சென்சாரா, போர்டா?

எங்கள் ஏசியின் அவுட்டோர் யூனிட் ஐந்தாறு நிமிடம் ஓடும், ‘டொக்’கென்று நிற்கும், மூன்று நிமிடம் கழித்து மறுபடி ஓடும். இரவு முழுக்க இதே கதைதான். ரிமோட்டில் 24 வைத்தாலும் அறை 28க்குக் கீழே இறங்குவதில்லை.

ஸ்பிளிட், 1.5 டன், 3 ஸ்டார், இன்வெர்ட்டர் ஏசி அல்ல, ஆர்32 கேஸ், 2019 மாடல். மதுரையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை. சித்திரை பிறந்ததிலிருந்து இந்தத் தொல்லை.

அவுட்டோர் நின்றாலும் இண்டோர் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கிறது. எர்ரர் கோடு இல்லை. ஸ்டெபிலைசர் 225 வோல்ட் காட்டுகிறது, கட் ஆவதில்லை. குழாயில் ஐஸும் கட்டவில்லை.

ஃபில்டர் கழுவியாச்சு, வாட்டர் சர்வீஸ் பண்ணியாச்சு, கெப்பாசிட்டரும் புதுசு. முதலில் வந்த மெக்கானிக் கேஸ் குறைவு என்றார், கேஸ் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்க்காமலே! அடுத்தவர், ஏசியைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் போர்டு போச்சு என்கிறார். அவர் சொன்ன விலைக்குப் பழைய ஏசியே வாங்கிவிடலாம். இண்டோர் மூடியைக் கழற்றிப் பார்த்தால், அறையின் வெப்பத்தை அளக்கும் ரூம் சென்சார் கிளிப்பிலிருந்து நழுவி, குளிரும் காயிலைத் தொட்டுக்கொண்டிருந்தது. தள்ளி மாட்டியும் மாற்றமில்லை.

போர்டை மாற்றும் முன், கோளாறு சென்சாரிலா போர்டிலா என்று மல்டிமீட்டர் வைத்து வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?