புதுப்பிப்பு: தோல் பையில் தையல் விட்டுவிட்டு விழுந்த பிரச்சினை

வீட்டு மிஷினில் தோல் பை தைக்கும்போது தையல் விட்டுவிட்டு விழுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். தோல் இரண்டு மடிப்பும் சேர்த்து 3 மி.மீ. கனம், நூல் டெக்ஸ் 70 (டெக்ஸ் என்பது நூல் கனத்தின் அளவு) நைலான். இப்போது சரியாகிவிட்டது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் தோல் ஊசி, 110/18 அளவு போட்டேன். பாதி சரியானது. மீதிக்குக் காரணம் பிரஷர் ஃபுட்டின் (தோலை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் பாதம்) அழுத்தம் போதாதது. ஊசி அடிவரை போய் லேசாக மேலே வரும்போதுதான் நூல் வளையமாக விரியும். மிஷினுக்குள் கீழே சுற்றும் கொக்கி அதைப் பிடிக்க வேண்டும். தோல் ஊசியைக் கவ்விக்கொண்டு கூடவே எழும்பினால் வளையம் விழாது, கொக்கி வெறுமனே சுற்றும். கைச்சக்கரத்தை மெதுவாகத் சுழற்றிப் பார்த்தால் தோல் எழும்புவது கண்ணுக்கே தெரிகிறது. அழுத்தத்தைக் கூட்டியதும் நின்றுவிட்டது.

அப்புறம், தையல் நீளத்தை 4 மி.மீ. வைத்தேன். நெருக்கித் தைத்தால் தோல் ஓட்டை வரிசையில் கிழியும். முடிவில் ரிவர்ஸ் (பின்னோக்கித் தைப்பது) போடவில்லை. தோல் ஊசியின் முனை வெட்டிக்கொண்டே போகும், அதே இடத்தில் மறுபடி வெட்டக் கூடாது. நூலைப் பின்பக்கம் இழுத்து முடிச்சுப் போட்டு, நுனியைத் தீயில் லேசாக உருக்கிவிட்டேன்.

தோள்வார் சேரும் இடத்தில் தோல் இன்னும் கனம். அதை இரண்டு ஊசி வைத்துக் கையாலேயே தைக்கப் போகிறேன்.